மறுமலர்ச்சிக் காலத் துன்பியல் நாடகங்களில் ஆண்மை: யார், யாரை, எப்போது ‘ஆண்’ என்கிறார்கள்?

#1 வைகைவாசகன்

முதுகலைக் கருத்தரங்குக்காக ஷேக்ஸ்பியரின் மக்பெத், கொரியலேனஸ், ஜான் வெப்ஸ்டரின் மால்ஃபி கோமகள் ஆகிய மூன்றையும் வைத்து ஆண்மை பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். கையில் கிடைத்த கையேடுகள் எல்லாம் ஒரே வாய்பாட்டைச் சொல்கின்றன: மனைவி ஆணாகிறாள், கணவன் பெண்ணாகிறான், இயற்கை குலைகிறது, நாடு கெடுகிறது. அதைத் தாண்டி எப்படிப் போவது என்று தெரியவில்லை.

மூன்று கேள்விகள். பிரதிக்குள் எங்கிருந்து தொடங்குவது? பெண் வேடங்களைச் சிறுவர்கள் போட்டார்கள் என்பதை வாதத்துக்குள் எவ்வளவு தூரம் கொண்டுவரலாம்? ‘பாலின அடையாளம்’ என்ற இன்றைய கருத்தை 1606 வாக்கில் எழுதப்பட்ட நாடகத்தின் மேல் வைத்தால் சரிப்படுமா?

#2 பிரதிபேதம்

முதல் கேள்விக்கு மட்டும் இப்போது பதில் சொல்கிறேன்.

அந்த வாய்பாடு ஆண்மையை ஒரு சரக்காக நினைக்கிறது. கணவனிடம் இருந்தது மனைவி கைக்குப் போய்விட்டது என்கிறது. நாடகம் அப்படி இல்லை. ஆண் என்பது அடுத்தவர் வாயிலிருந்து வரவேண்டிய தீர்ப்பு. ஒருவர் கொடுக்கிறார், இன்னொருவர் பறிக்கிறார், பறிகொடுத்தவன் அதைத் திரும்பப் பெற உடனே எதையாவது செய்து காட்ட வேண்டியிருக்கிறது. இந்தத் துன்பியல் நாடகங்களின் ஓட்டமே இதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

ஒரு தாளில் ஐந்து நெடுவரிசை போடுங்கள்: யார் சொல்கிறார், யாரிடம், யார் முன்னிலையில், கேட்டவர் என்ன பதில் சொல்கிறார், அடுத்து என்ன நடக்கிறது. மக்பெத்தில் இப்படி வரும் (முதல் எண் அங்கம், அடுத்தது காட்சி).

1.7. தனிமையில் மனைவி கணவனிடம். ஆணுக்குத் தகுந்ததெல்லாம் செய்யத் துணிவேன், அதை மீறித் துணிபவன் ஆணே இல்லை என்று அவன் ஒரு வரையறை தருகிறான். செய்யத் துணிந்தாயே, அப்போதுதான் நீ ஆண் என்று அவள் வேறொன்று தருகிறாள். அவளுடையது வெல்கிறது, அரசன் டங்கன் சாகிறான். காட்சி முடிவதற்குள் மக்பெத் பதிலுக்கு அவளுக்கு ஒரு பட்டம் சூட்டுகிறான்: உன் வயிற்றில் ஆண் பிள்ளைகள் மட்டுமே பிறக்கட்டும்.

3.1. மனைவியிடம் கற்ற வித்தையை மக்பெத் கூலிக் கொலைகாரர்களிடம் காட்டுகிறான். நாங்களும் ஆண்கள்தான் அரசே என்கிறார்கள் அவர்கள். பட்டியலில் நீங்கள் ஆண்கள்தான், எல்லா வகை நாய்க்கும் நாய் என்றுதான் பெயர், ஆனால் விலை வேறு வேறு என்கிறான். மக்பெத்தின் தோழன் பாங்க்வோ சாகிறான்.

3.4. விருந்து. நீ ஆணா என்று மனைவி தாழ்ந்த குரலில் கேட்கிறாள். சபை நிறைய ஆட்கள். முதல் முறையாக இந்தச் சொல் வேலை செய்யாமல் போகிறது. பாங்க்வோவின் ஆவி மறைந்த பிறகுதான் ‘மீண்டும் ஆணானேன்’ என்கிறான். இதற்குப் பிறகு அவள் அவனிடம் அந்தப் பேச்சை எடுப்பதே இல்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை.

4.3. மனைவி மக்கள் வெட்டப்பட்ட செய்தி கேட்டு நிற்கும் மக்டஃப்பிடம், ஆணாக நின்று எதிர்கொள் என்கிறான் டங்கனின் மகன் மால்கம். செய்கிறேன், ஆனால் ஆணாக அதை உணரவும் வேண்டும் என்கிறான் மக்டஃப்.

5.8. மக்டஃப் தாய் வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்டவன் என்று தெரிந்ததும், எனக்குள் இருந்த ஆணின் நல்ல பாதி ஒடுங்கிவிட்டது என்கிறான் மக்பெத். சற்று நேரத்தில், ஆங்கிலப் படைத் தலைவர் கிழவர் ஸிவார்டிடம் அவர் மகன் ஆணாகச் செத்தான் என்று சொல்கிறார்கள். அவர் கேட்கும் ஒரே கேள்வி: காயங்கள் முன்பக்கம்தானே? (சில பதிப்புகளில் இது 5.9 என்று இருக்கும்.)

இதில் சறுக்கும் இடம் மக்டஃப். அழத் தெரிந்த புதிய ஆண் என்று அவனைத் தூக்கி வைத்து முடித்துவிடுவார்கள். 4.3-இன் கடைசி வரிகளைப் பாருங்கள். கண்ணால் பெண்ணாக நடிக்க என்னாலும் முடியும் என்று சொல்லி, மக்பெத்தை என் வாள் முனைக்கு முன் நிறுத்து என்று அவன் முடித்ததும், இதுதான் ஆண்மைக்கு ஏற்ற பேச்சு என்று மால்கம் ஒப்புதல் முத்திரை குத்துகிறான். துக்கம் கேட்டு வாங்கியது சில நொடிகள்தான். பழைய ஒப்பந்தம் அப்படியே இருக்கிறது.

man என்ற ஆங்கிலச் சொல்லைக் கணினியில் தேடும்போது மனிதன், வேலையாள் என்ற பொருளில் வருவதெல்லாம் சேர்ந்து கொட்டும். அவற்றைக் கழித்துவிட்டு, ஆண் என்ற சொல் வராமலே அந்தத் தீர்ப்பு வழங்கப்படும் இடங்களையும் சேருங்கள்: பால், தாடி, கண்ணீர், பையன், வாள். பாதி ஆதாரம் அங்கேதான் கிடக்கிறது.

#3 மேடைவிளக்கு

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ‘சிறுவர்கள்’ என்றதும் பத்து வயதுப் பிள்ளைகளை நினைக்க வேண்டாம். பெரியவர்களின் குழுக்களில் பெண் வேடம் போட்டவர்கள் தொழில் பழகுநர்கள், ஏறத்தாழ 12 முதல் 21 வயது வரை. பழகுநர்களைப் பதிவு செய்யும் தொழிற்குழுமம் (கில்ட்) நடிகர்களுக்கென்று தனியாகக் கிடையாது. அதனால் ஜான் ஹெமிங்ஸ் போன்ற நடிகர்கள் தாங்கள் உறுப்பினராக இருந்த வேறு சங்கத்தின் பெயரில் (அவருடையது மளிகை வணிகர் சங்கம்) பையன்களைப் பழகுநராகப் பதிந்துகொண்டார்கள். கிளியோபாட்ராவையும் மால்ஃபி கோமகளையும் தாங்கியவர்கள் பல ஆண்டு பயிற்சி பெற்ற இளைஞர்கள். 1623-இல் அச்சான மால்ஃபி கோமகளில் நடிகர் பட்டியலே இருக்கிறது: ஃபெர்டினாண்டாக ரிச்சர்ட் பர்பேஜ், பொசோலாவாக ஜான் லோவின், கோமகளாக ரிச்சர்ட் ஷார்ப்.

அவர்களுக்குப் பெரிய கவலை மகரக்கட்டு, அதாவது பருவத்தில் குரல் உடைவது. ஹாம்லெட் 2.2-இல் வந்து சேரும் நடிகர் குழுவின் பையனைப் பார்த்து இளவரசன் சொல்வது அதைத்தான்: போன முறைக்கு இப்போது வளர்ந்துவிட்டாய், உன் குரல் விரிசல் விட்டுச் செல்லாக் காசாகாமல் இருக்கட்டும்.

நாடகங்களே இதைச் சுட்டிக்காட்டும் இடங்கள் உண்டு. ஆண்டனியும் கிளியோபாட்ராவும் நாடகத்தின் 5.2-இல் கிளியோபாட்ரா, ரோமில் எவனோ ஒரு கீச்சுக்குரல் பையன் என்னைப் போல நடித்து என் பெருமையைக் குலைப்பானே என்று அஞ்சுகிறாள். அதைச் சொல்வதே ஒரு பையன். எத்தனை துணிச்சலான வரி அது! அந்தப் பையன் மேல் முழு நம்பிக்கை இல்லாமல் எந்த ஆசிரியரும் இதை எழுதியிருக்க மாட்டார். கொரியலேனஸ் 2.2-இல் ரோமானியத் தலைவன் கொமீனியஸ் கொரியலேனஸைப் புகழும்போது, பதினாறு வயதில், மேடையில் பெண்ணாக நடிக்கக்கூடிய பருவத்தில், போர்க்களத்தில் தலைசிறந்த ஆண் என்று நிரூபித்தான் என்கிறான். உங்கள் கட்டுரைக்கு இந்த ஒரு வரி போதும். ஒரே வயது, ஒரே மீசை முளைக்காத முகம். ஒரு பையன் மேடைக்குப் போகிறான், இன்னொருவன் களத்துக்குப் போகிறான்.

மக்பெத்தின் சூனியக்காரிகளுக்குத் தாடி இருப்பதைப் பாங்க்வோ சொல்வது தெரியும். வளர்ந்த ஆண்கள் அந்த வேடங்களைப் போட்டிருந்தால் அந்த வரிக்கு இன்னொரு பயனும் கிடைக்கும்.

#4 பழுப்பேடு

மேடைவிளக்கு சொன்ன தகவல்களை ஏற்கிறேன், ஆனால் அதை எல்லாக் காட்சிக்கும் நீட்டாதீர்கள். 1610-இல் ஆக்ஸ்ஃபோர்டில் மன்னர் குழுவினர் (ஷேக்ஸ்பியரின் நாடகக் குழு) ஒதெல்லோ நடித்ததைப் பார்த்த ஹென்றி ஜாக்சன் என்பவரின் லத்தீன் கடிதம் நம்மிடம் இருக்கிறது. டெஸ்டெமோனா கொல்லப்பட்டுப் படுக்கையில் கிடந்தபோது முகபாவம் ஒன்றாலேயே பார்வையாளரின் இரக்கத்தை வேண்டினாள் என்கிறார். பையன் என்ற பேச்சே இல்லை, ‘அவள்’ என்றே எழுதுகிறார். பழகிப்போன மரபைப் பார்வையாளர் கண் கவனிப்பதில்லை. ஆகவே நாடகமே விரல் நீட்டிக் காட்டும் இடத்தில் மட்டும் நடிகரின் உடலைப் பற்றிப் பேசுங்கள். மற்ற இடங்களில் பாத்திரத்தைப் பற்றிப் பேசுங்கள்.

இன்னொன்று. இங்கிலாந்தை மறுமலர்ச்சி முழுமைக்கும் அளவுகோலாக்காதீர்கள். இத்தாலியில் 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே பெண்கள் தொழில்முறை மேடையில் இருந்தார்கள். இசபெல்லா ஆந்த்ரெயினி ஐரோப்பா அறிந்த நட்சத்திரம். ஸ்பெயினில் 1587-இல் நடிகைகளுக்கு அனுமதி கிடைத்தது. லண்டனில் 1660 டிசம்பர் 8 அன்றுதான் ஒதெல்லோவில் டெஸ்டெமோனாவாக ஒரு பெண் மேடையேறினார். மால்ஃபியும் வெரோனாவும் வெனிஸும் கதைக்களமாக இருக்கலாம், நடிப்பு மரபு லண்டனுடையது.

#5 மேடைவிளக்கு

பழுப்பேடு, அந்தக் கடிதத்தை நானும் மதிக்கிறேன். ஆனால் அதே காலத்தில் மேடையின் எதிரிகள் இதை மறக்கவே இல்லை. 1583-இல் ஃபிலிப் ஸ்டப்ஸ், 1599-இல் ஜான் ரெய்னால்ட்ஸ், 1633-இல் வில்லியம் பிரின் என்று வரிசையாக, ஆண் பெண்ணுடை அணியக்கூடாது என்ற உபாகமம் 22:5 வசனத்தை நீட்டிக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் பயம் வேடத்தைப் பற்றி மட்டுமல்ல. உடை உள்ளே இறங்கி ஆளையே மென்மையாக்கிவிடும் என்று நம்பினார்கள். ஆண்மை அவ்வளவு எளிதில் கரையும் என்று நினைத்த சமூகத்துக்குத்தான் இந்த நாடகங்கள் எழுதப்பட்டன. ஜாக்சன் கண்ணும் உண்மை, பிரின் கண்ணும் உண்மை.

#6 பழுப்பேடு

இரண்டையும் சொல்லி எழுதினால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

#7 நாடிநூல்

உடல் பற்றி அக்காலம் என்ன நினைத்தது என்று யாரும் இன்னும் தொடவில்லை. பண்டைய மருத்துவர் கேலன் வழிவந்த நான்கு திரவக் கொள்கைப்படி ஆணுடல் சூடும் வறட்சியும், பெண்ணுடல் குளிர்ச்சியும் ஈரமும். கண்ணீர், பால், உதிரம் எல்லாம் ஈரத்தின் கணக்கு. அதனால்தான் அழுகை ஆணுக்கு ஆபத்து. சீமாட்டி மக்பெத் 1.5-இல் தன் பாலை எடுத்துக்கொண்டு பித்தத்தைக் கொடுங்கள் என்று ஆவிகளிடம் கேட்பது இந்த வைத்தியத்தின் மொழியிலேயே கேட்பது. அவள் தன் இரத்தத்தைக் கெட்டியாக்கவும் கேட்கிறாள். ஆணாக்கு என்று அவள் எங்கும் கேட்கவில்லை; பெண்ணின் தன்மையைக் களையுங்கள் என்றுதான் கேட்கிறாள். இரண்டையும் ஒன்றாக்கியதால்தான் கையேடுகள் வழி தவறுகின்றன.

ஒரு கண்ணிவெடி. ‘அக்காலத்தில் ஒரே பால்தான் உண்டு, பெண் என்பவள் உள்பக்கமாகத் திரும்பிய ஆண் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள்’ என்று பல கட்டுரைகள் கண்ணை மூடிக்கொண்டு எழுதும். 1990-இல் தாமஸ் லாக்கர் பரப்பிய கருத்து அது. மருத்துவ வரலாற்றாளர்கள் பிறகு அதை நன்றாகவே குடைந்துவிட்டார்கள். 1615-இல் லண்டனில் வெளியான தன் உடற்கூற்று நூலில் ஹெல்கையா குரூக் அந்த ஒப்புமையை எடுத்துச் சொல்லி, மறுக்கவும் செய்கிறார். அதாவது அது விவாதத்தில் இருந்த ஒரு கருத்து, எல்லோரும் ஒப்பிய உண்மை அல்ல.

லியர் அரசன் நாடகத்தின் 2.4 பார்த்தீர்களா? மகள்களிடம் அவமானப்பட்டதும் கருப்பை மேலேறி நெஞ்சை அடைக்கும் நோய் தன்னைப் பிடித்ததாகச் சொல்கிறான் அரசன். பெண்களுக்கு வருவதாகச் சொல்லப்பட்ட நோய். கொஞ்ச நேரம் கழித்து, பெண்களின் ஆயுதமான நீர்த்துளி என் ஆண் கன்னத்தைக் கறைப்படுத்த விடாதே என்று கடவுளரிடம் கெஞ்சுகிறான். அந்த நோய் ஒரு ஆணுக்கு வந்த கதை 1603-இல் சாமுவேல் ஹார்ஸ்னெட் பேயோட்டிகளைக் கண்டித்து எழுதிய நூலில் இருக்கிறது. லியர் நாடகம் அந்த நூலிலிருந்து நிறைய எடுத்திருக்கிறது. ஆகவே இதை வெறும் உருவகமாகப் படிக்காதீர்கள். லியர் உண்மையிலேயே தன் உடல் தன்னைக் கைவிடுவதாக உணர்கிறான்.

#8 தெற்குவாசல்

எல்லோரும் ஆண், பெண் என்ற ஒரே அச்சில் பேசுகிறீர்கள். அந்தச் சமூகத்தில் ஆணுக்கு எதிர்ச்சொல் பெண் மட்டுமல்ல, பையனும்தான். 1563-ஆம் ஆண்டுச் சட்டம் தொழில் பழகுநருக்குக் குறைந்தது ஏழாண்டு விதித்தது. நகரங்களில் 24 வயதுக்கு முன் ஒப்பந்தம் முடியக்கூடாது. அதுவரை கல்யாணமும் இல்லை, சொந்த வீடும் இல்லை. தாடி முளைத்தும் முழு ஆணாகக் கருதப்படாதவர்கள் லண்டனில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். நாடகம் பார்க்க வந்த கூட்டத்திலும் அவர்கள் இருந்தார்கள்.

இதை வைத்துக் கொரியலேனஸ் 5.6-ஐப் படியுங்கள். ரோமை விட்டுக் கொரியலேனஸ் போய்ச் சேர்ந்த எதிரிப் படையின் தலைவன் ஆஃபிடியஸ் அவனைத் துரோகி என்கிறான். கொரியலேனஸ் என்ற பட்டப்பெயரைத் திருட்டுப்பெயர் என்கிறான். இரண்டையும் அவன் ஒருவாறு தாங்குகிறான். போர்த் தெய்வத்தின் பெயரை எடுக்காதே, கண்ணீர்ப் பையனே என்றதும் வெடிக்கிறான். அதற்குப் பின் அவன் பேசும் சில வரிகளுக்குள் ‘பையன்’ என்ற அந்தச் சொல்லை மூன்று முறை திருப்பிச் சொல்கிறான். கடைசி முறை எங்கே வருகிறது தெரியுமா? உங்கள் கொரியோலி நகரில் புறாக்கூட்டுக்குள் புகுந்த கழுகு போல உங்களைச் சிதறடித்தேன், தனியாகச் செய்தேன் என்று சொல்லி முடித்த கையோடு. தான் கொன்றவர்களின் உறவினர்கள் சுற்றி நிற்கும்போது அதைச் சொல்கிறான். பையன் இல்லை என்று நிரூபிக்க எடுத்த ஆதாரமே மரண தண்டனையாகிறது. சதிகாரர்கள் வெட்டி வீழ்த்துகிறார்கள். ஆஃபிடியஸ் உடல் மேல் ஏறி நிற்கிறான் என்று 1623 பதிப்பின் மேடைக்குறிப்பே சொல்கிறது.

அந்தக் கண்ணீர் எங்கிருந்து வந்தது? 5.3-இல் தாய் வலம்னியாவிடமிருந்து. ரோமைத் தாக்காதே என்று அவள் நீளமாகப் பேசி முடிக்கிறாள். அங்கே ஒரு மேடைக்குறிப்பு: அவள் கையைப் பிடித்தபடி, மௌனமாக. இயக்குநர்கள் அந்த மௌனத்தை வசனம்போலவே எண்ணி அளந்து வைக்க வேண்டும். அவசரப்பட்டால் அவன் தாய்ச்சொல்லுக்கு மயங்கிய மகனாகத் தெரிவான். மௌனம் நீளும்போதுதான், இந்தக் கையைப் பிடித்தால் சாவு நிச்சயம் என்று தெரிந்தே பிடிக்கிறான் என்பது புரியும். அடுத்த வரிகளில் அவனே அதைச் சொல்கிறான்.

காயங்களையும் பட்டியலில் சேருங்கள். 2.1-இல் தாயும் குடும்ப நண்பர் மெனீனியஸும் உட்கார்ந்து காயங்களை எண்ணுகிறார்கள். இந்தப் போருக்கு முன் 25, இப்போது 27. ஊருக்குக் காட்டினால்தான் அவை ஆண்மைக்குச் சாட்சி, காட்டினால்தான் ரோமின் உயர் ஆட்சிப் பதவியான கான்சல் பதவி. அவன் காட்ட மறுக்கிறான். ஆண்மை பிறர் தரும் தீர்ப்பு என்று பிரதிபேதம் சொன்னது சரி என்றால், கொரியலேனஸ் அந்த நீதிமன்றத்தையே ஏற்க மறுத்தவன்.

#9 பிரதிபேதம்

தெற்குவாசல், கடைசி வரியை அப்படியே ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. மக்களின் நீதிமன்றத்தைத்தான் மறுக்கிறான். தாயின் நீதிமன்றத்தை ஒருநாளும் மறுத்ததில்லை. 1.3-இல் அவள் சொல்கிறாள்: ஹெக்டருக்குப் பால் கொடுத்த ஹெகுபாவின் மார்பைவிட, இரத்தம் பீறிட்ட ஹெக்டரின் நெற்றி அழகு. பாலையும் இரத்தத்தையும் தராசில் வைத்து இரத்தமே மேல் என்று சொல்கிற தாய் வளர்த்த பிள்ளை அவன்.

#10 வைகைவாசகன்

எதிர்பார்த்ததைவிட நிறையக் கிடைத்திருக்கிறது, எல்லோருக்கும் நன்றி. மூன்றாவது கேள்வி அப்படியே நிற்கிறது. மால்ஃபி கோமகளை எப்படி அணுகுவது? ‘பாலின அடையாளம்’ என்று எழுதலாமா?

#11 பழுப்பேடு

எழுதலாம், எந்தப் பொருளில் எழுதுகிறீர்கள் என்று முதல் பத்தியிலேயே வரம்பு கட்டிவிட்டால். ‘நான் உள்ளுக்குள் யார்’ என்ற இன்றைய பொருளில் அந்தப் பாத்திரங்கள் பேசுவது அபூர்வம். அவர்களிடம் அந்தஸ்து, வயது, திருமண நிலை, உடை, உடல் எல்லாம் சேர்ந்துதான் ஒருவரை ஆண் என்றோ பெண் என்றோ ஆக்குகின்றன. அதில் அந்தஸ்து பல இடங்களில் பாலை முந்திவிடுகிறது.

மால்ஃபி கோமகளில் இது வெளிப்படை. முதல் அங்கத்திலேயே விதவையான கோமகள் தன் வீட்டுக் காரியஸ்தன் அந்தோனியோவிடம் தானே திருமணப் பேச்சை எடுக்கிறாள், தானே மோதிரம் போடுகிறாள், மண்டியிட்டவனைத் தானே எழுப்புகிறாள். பெரிய குலத்தில் பிறந்தவர்களுக்கு இந்தத் துயரம் உண்டு, எங்களிடம் கேட்க யாருக்கும் துணிவில்லாததால் நாங்களே கேட்க வேண்டியிருக்கிறது என்கிறாள். ஆண் செய்ய வேண்டியதை அவள் செய்வது ஆணாக வேண்டும் என்பதால் அல்ல, அவள் கோமகள் என்பதால். அங்கத்தின் முடிவில் தோழி கரியோலா, இவளுக்குள் ஆள்வது பெருமையின் ஆவியா பெண்ணின் ஆவியா தெரியவில்லை என்று சொல்லி, விடை காணாமல் போகிறாள். உங்கள் கட்டுரையை இந்தக் கேள்வியின் மேல் கட்டலாம். நாடகம் நான்காம் அங்கத்தில் இரண்டையும் சேர்த்தே பதில் சொல்கிறது. நான் இன்னும் மால்ஃபியின் கோமகள்தான் என்று சொன்ன அதே வாய், கழுத்தில் கயிறு விழும் முன் பிள்ளையின் சளிக்கு மருந்துப் பாகு கொடுக்கச் சொல்கிறது.

ஃபெர்டினாண்டை விட்டுவிடாதீர்கள். சகோதரியான கோமகளின் உடலைத் தன் கௌரவம் என்று பூட்டி வைத்தவன், அவளைக் கொன்ற பிறகுதான் நாங்கள் இரட்டையர் என்று சொல்கிறான். ஐந்தாம் அங்கத்தில் ஓநாய்ப் பித்து பிடித்து, செத்தவன் காலைத் தோளில் சுமந்து நள்ளிரவில் அலைகிறான். ஓநாய்க்கு மயிர் வெளியே, எனக்கு உள்ளே என்கிறான். ஆண்மையைக் காவல் காக்கப் போனவன் மனிதன் என்ற எல்லையையே தாண்டிவிடுகிறான்.

நாடிநூல் கண்ணீர் பற்றிச் சொன்னதற்கு ஒரு துணைச் சான்று: கோமகள் இறந்ததும், ஃபெர்டினாண்டின் ஏவலில் அவளைக் கொல்வித்த பொசோலா அழுகிறான், இது ஆண்மையின் துக்கம், இந்தக் கண்ணீர் என் தாய்ப்பாலில் ஊறியதல்ல என்கிறான். மக்டஃப்பின் வரிக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள்.

#12 மேடைவிளக்கு

ஆண் மீது ஆணின் காதல் பற்றி யாராவது கேட்பார்கள், அதற்கும் ஆயத்தமாக இருங்கள். மார்லோவின் இரண்டாம் எட்வர்ட், 1594-இல் அச்சானது. பிரபுக்கள் கேவஸ்டனை வெறுப்பதற்குக் காரணம் அரசனின் காதல் என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். பிரதி அவ்வளவு எளிதல்ல. 1.4-இல் மூத்த மார்ட்டிமர், அலெக்சாண்டர், ஹெர்குலிஸ், அக்கிலீஸ் என்று மாவீரர் பட்டியலே போட்டு, இவர்களுக்கும் இப்படிப்பட்ட அன்பர்கள் இருந்தார்கள் என்கிறார். இளைய மார்ட்டிமர், அரசரின் விளையாட்டுப் புத்தி எனக்கு உறுத்தலில்லை, கீழ்க்குலத்தான் ஒருவன் அரசர் தயவில் இப்படி நிமிர்ந்து நடப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை என்கிறான். மறுபடியும் அந்தஸ்து.

கொலைக் காட்சியில் எல்லோரும் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியைப் பற்றி எழுதுவார்கள். கூலிக் கொலைகாரன் லைட்போர்ன் அதைத் தயாராக வைக்கச் சொல்வது பிரதியில் இருக்கிறது. ஆனால் கொல்லும் நேரத்தில் அவன் வாய்விட்டுக் கேட்பது மேசையைத்தான்: மேல் வைத்து மிதியுங்கள், உடலில் காயம் தெரியாதபடி மெதுவாக. கம்பியைப் பயன்படுத்தும் மேடைக்குறிப்பு அந்தப் பதிப்பில் கிடையாது. அந்தக் கதை ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூலில் இருக்கிறது. தண்டனைக்கும் காதலுக்கும் முடிச்சுப் போடுபவர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்லிவிட்டுத்தான் முடிச்சுப் போட வேண்டும்.

#13 தெற்குவாசல்

இடம் இருந்தால் போமான்ட்டும் ஃப்ளெட்சரும் சேர்ந்து எழுதிய ‘கன்னியின் துன்பியல்’ (அச்சு 1619) நாடகத்தையும் எடுங்கள். ஷேக்ஸ்பியரின் இன்பியல்களில் பெண் ஆணுடை போட்டால் காரியம் கைகூடும். இங்கே அதே உடை ஆளைக் கொல்கிறது. கைவிடப்பட்ட அஸ்பேஷியா தன் சகோதரனாக வேடமிட்டு, காதலன் அமிண்டரையே வாட்போருக்கு இழுக்கிறாள். அவள் வீச்சு அவன் மேல் படுவதில்லை, அவன் வீச்சுக்கு இரு கைகளையும் விரித்து மார்பைக் காட்டுகிறாள். உனக்குச் சண்டையே தெரியவில்லையே என்று அவன் கூவுகிறான், ஆனாலும் குத்திவிட்டான். வாள் பழகிய நடிகன் ஒருவன் வாள் பழகாத பெண்ணாக, அந்தப் பெண் வாள் பழகிய ஆணாக! அந்தப் பையன் தவறாகச் சண்டை போடுவதைத் துல்லியமாகச் செய்தாக வேண்டும். கொஞ்சம் அழகாக வீசினாலும் காட்சி பொய்த்துவிடும்.

அதே நாடகத்தில் இவாட்னி அரசனைக் கட்டிலோடு கட்டிவைத்துக் கொல்கிறாள். அவன் முதலில் அதைக் காதல் விளையாட்டு என்று நினைக்கிறான். அவள் ஆணுடை அணியவில்லை, ஆணாக வேண்டும் என்றும் கேட்கவில்லை. நான் புலி, இரக்கமறியாத எதுவாகவும் இருப்பேன் என்கிறாள்.

#14 நாடிநூல்

நம் பக்கம் ஒரு உண்மையான தொடர்பு இருப்பதால் சொல்கிறேன். பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ என்று தமிழாக்கி, 1891-இல் தொடங்கிய சுகுண விலாச சபையில் தாமே தலைமை வேடம் ஏற்றார். பெண் வேடங்களைப் போட்டவர்களும் ஆண்களே. ஆனால் ஒப்பிடும்போது கவனம். அவர்கள் படித்த, வளர்ந்த, பொழுதுபோக்காக நடித்த ஆண்கள். லண்டன் பழகுநர்களோ பிழைப்புக்காக ஒப்பந்தம் செய்யப்பட்டவர்கள். நமது பாய்ஸ் கம்பெனிகளுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது செயின்ட் பால்ஸ், பிளாக்ஃப்ரையர்ஸ் சிறுவர் குழுக்களை. அங்கே ஆண் வேடமும் பையன்களே போட்டார்கள். ஸ்திரீபார்ட் பற்றி நம்மவர்கள் எழுதி வைத்ததை அப்படியே 1606-க்குத் தூக்கிப்போனால் தடுக்கி விழுவோம்.

#15 வைகைவாசகன்

கடைசியாக ஒன்று. லியரையும் சேர்க்கலாம் என்று தோன்றுகிறது. லியரின் மகள் கானரில் தன் கணவன் ஆல்பனியின் ஆண்மையைக் கேலி செய்யும் வரி ஒரு பதிப்பில் இருக்கிறது, இன்னொன்றில் காணவில்லையே?

#16 பிரதிபேதம்

அது அச்சுப்பிழை இல்லை. லியருக்கு 1608 குவார்ட்டோ (தனி நாடகமாக வந்த சிறு அளவுப் பதிப்பு), 1623 ஃபோலியோ (ஷேக்ஸ்பியர் நாடகங்களின் பெரிய தொகுப்பு) என்று இரண்டு பிரதிகள் உண்டு. 4.2-இல் கானரிலுக்கும் ஆல்பனிக்கும் நடக்கும் சண்டை குவார்ட்டோவில் நீளம். ஃபோலியோவில் அதில் பெரும்பகுதி வெட்டப்பட்டிருக்கிறது. ‘உன் ஆண்மையும் நீயும்’ என்று அவள் பூனைபோல மியாவ் என்று சீறும் வரி குவார்ட்டோவில் மட்டும்தான். நூற்கும் கோலைக் கணவன் கையில் கொடுக்க வேண்டும் என்று அவள் தான் விரும்பும் எட்மண்டிடம் சொல்வது இரண்டிலும் இருக்கிறது. பிசாசிடம்கூட இல்லாத கோரம் பெண்ணிடம் தெரிகிறது என்று ஆல்பனி சொல்வதும் இரண்டிலும் இருக்கிறது.

அதனால் விளைவு என்ன? குவார்ட்டோவில் ஆல்பனி நிறையப் பேசிக் கண்டிக்கிறான், அவளும் நிறையவே குத்துகிறாள். ஃபோலியோவில் அவன் கண்டனமும் சுருங்குகிறது, அவள் கேலியும் காணாமல் போகிறது. இரண்டையும் கலந்து அச்சிடும் பதிப்பை எடுத்தால் இந்த வேறுபாடு கண்ணிலேயே படாது. மேற்கோள் காட்டும் ஒவ்வொரு வரிக்கும் எந்தப் பிரதி என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மக்பெத்துக்கும் கொரியலேனஸுக்கும் இந்தத் தொல்லை இல்லை. இரண்டுக்கும் ஃபோலியோ ஒன்றுதான் ஆதாரம்.